மலையில் விளையும் காய் நம் தட்டுக்கும் வரட்டும்: அம்மாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஓர் அங்கன்வாடியில் பத்தொன்பது வருஷமாகப் பிள்ளைகளோடு இருக்கிறேன். மாதாமாதம் எடை பார்க்கும் நாளில் அம்மாக்கள் வருவார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள், கேரட் தோட்டத்துக் கூலிக்குப் போகிறவர்கள், சொந்தத் தோட்டம் வைத்திருக்கும் வீட்டுப் பெண்கள் என்று எல்லோரும் இருப்பார்கள். எடையை எழுதி முடித்ததும் கேள்விகள் ஆரம்பிக்கும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

காய்கறி விளைகிற ஊரிலேயே இருக்கிறோம் டீச்சர். எங்கள் பிள்ளைகளுக்கா காய் குறையப் போகிறது?

குறைகிறது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

விடிவதற்கு முன்னால் கேத்தி பாலாடா பக்கம் போய்ப் பாருங்கள். பிடுங்கிய கேரட்டை மெஷினில் போட்டுக் கழுவி, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அது மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, அங்கிருந்து எங்கெங்கோ போகிறது. ராத்திரியெல்லாம் குளிரில் நின்று அந்தக் கேரட்டைப் பிடுங்கிய கை வீட்டுக்கு வந்து என்ன சமைக்கிறது? சோறு, உருளைக்கிழங்கு குழம்பு, ஒரு முட்டை. சாயங்காலம் டீயும், பேக்கரியில் விற்கிற மொறுமொறு வர்க்கியும்.

இந்த மலையில் ஐரோப்பியக் காய்கள் வேரூன்றியது 1820-களில், கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் ஊட்டியில் வீடு கட்டிக் குடியேறிய காலத்தில். வெள்ளைக்காரர் சமையலுக்கு வந்த காய், பிறகு சந்தைக்கான காய் ஆனது. இன்றைக்கும் நம் ஆட்கள் கேரட்டையும் கோஸையும் ‘இங்கிலீஷ் காய்’ என்றுதான் சொல்கிறோம். விற்கிற பொருள் என்று மனதில் பதிந்துவிட்டது, நம் சாப்பாடு என்று பதியவில்லை. பழைய ஆட்கள் சாமையும் ராகியும் அவரையும் தோட்டத்து ஓரக் கீரையும் சாப்பிட்டார்கள். அதுவும் குறைந்து, இதுவும் தட்டுக்கு வராமல், நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது பாக்கெட் தின்பண்டம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு காய் வேண்டும்?

பெரியவர் ஒருவருக்குக் காயும் பழமும் சேர்த்துக் குறைந்தது 400 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறது: கீரையோடு சேர்த்துக் காய் 400 கிராம், பழம் 100 கிராம்.

நாலு பேர் வீட்டுக்குக் கணக்குப் போட்டால் தினமும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் காய் வருகிறது. இதைக் கேட்டதும் பாதிப் பேருக்கு முகம் வாடிவிடும். பயப்பட வேண்டாம். இப்போது வீட்டில் நாலு பேருக்கும் சேர்த்து அரைக் கிலோதான் வேகிறது என்றால், அடுத்த மாதம் முக்கால் கிலோ ஆக்குங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அளவு குறைவு. அவர்களுக்கு நான் தராசு சொல்வதில்லை. பிள்ளையின் கையால் ஒரு கைப்பிடி, ஒவ்வொரு வேளையும். அவ்வளவுதான்.

உருளைக்கிழங்கு காய்தானே?

இந்தக் கணக்கில் சேராது. உருளைக்கிழங்கு நல்ல சாப்பாடு, பசி தாங்கும், குளிருக்கு இதமாக இருக்கும். ஆனால் அது சோறு மாதிரி மாவுச்சத்து. சோற்றுக்கு உருளைக்கிழங்கு தொட்டுக்கொள்வது, சோற்றுக்குச் சோற்றையே தொட்டுக்கொள்வது மாதிரிதான். உருளை போடுகிற குழம்பில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் பீன்ஸோ நூல்கோலோ மேரக்காயோ (சௌசௌ) போட்டால் ருசி மாறாது, தட்டு மாறிவிடும். பச்சை பூத்த கிழங்கையும் முளை நீண்ட கிழங்கையும் மட்டும் பிள்ளைகளுக்குச் சமைக்காதீர்கள்.

எல்லாம் தெரிகிறது டீச்சர். நேரம் எங்கே இருக்கிறது?

இதுதான் உண்மையான கேள்வி. காய் நல்லது என்று தெரியாத அம்மாவை நான் இத்தனை வருஷத்தில் ஒருத்தியைக்கூடப் பார்த்ததில்லை. காலை ஏழு மணிக்குச் சோறு கட்டிக்கொண்டு கிளம்பி, கொழுந்து எடை போட்டுவிட்டு, மேடேறி வீட்டுக்கு வரும்போது சாயங்காலம் ஐந்து. கால் விறைத்துப் போயிருக்கும். அதற்குப் பிறகு பீன்ஸ் நார் எடு என்று யார் சொல்வது?

அதனால் நான் மூன்று வேளையையும் மாற்றச் சொல்வதில்லை. ஒரே ஒரு நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறேன்: சாயங்காலம் நாலு மணி. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வருகிற நேரம். குளிரில் நடந்து வந்திருக்கும், பசி வயிற்றைக் கிள்ளும். அந்தப் பசிக்கு முன்னால் எது இருக்கிறதோ அது உள்ளே போகும். டப்பாவில் வர்க்கி இருந்தால் வர்க்கி, பாக்கெட் இருந்தால் பாக்கெட். காலையில் நீங்கள் கிளம்பும் முன் கழுவி நீளவாக்கில் வெட்டிய கேரட்டை ஒரு தட்டில் மூடி வைத்துவிட்டுப் போனால் கேரட். பட்டாணி சீசனில் உப்புப் போட்டு வேகவைத்த பட்டாணி ஒரு கிண்ணம். பேரிக்காய் சீசனில் ஒரு பேரிக்காய். சில நாள் வேகவைத்த மேரக்காயில் கொஞ்சம் மிளகுத்தூள்.

வர்க்கியை வீட்டை விட்டே விரட்ட வேண்டியதில்லை. அது நம் ஊர்ப் பண்டம், விருந்தாளி வந்தால் இருக்கட்டும். நாலு மணிக்குக் கண்ணில் படுகிற இடத்தில் மட்டும் இருக்க வேண்டாம். மேல் அலமாரியில் ஏறட்டும்.

காலையிலேயே நறுக்கி வைத்தால் சத்துப் போய்விடாதா என்று கேட்பார்கள். கொஞ்சம் போகும்தான். காயே இல்லாத வயிற்றுக்கு அது எவ்வளவோ மேல்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு வழி: பருப்பு வேகிற குக்கரிலேயே கையில் கிடைத்த காயையெல்லாம் போட்டுவிடுங்கள். கேரட், பீன்ஸ், டர்னிப், கோஸின் நடுத்தண்டு, எதுவானாலும். தாளித்துக் கொட்டினால் சாம்பார். தனியாகப் பொரியல் செய்தால்தான் காய் என்று ஒரு விதி கிடையாது.

என் பையன் காயைத் தொடவே மாட்டான். ஒதுக்கி வைத்துவிடுகிறான்.

எங்கள் மையத்தில் பட்டாணி உரிக்கிற நாள் ஒன்று உண்டு. சீசனில் ஒரு சாக்குப் பட்டாணியைப் பாயில் கொட்டிச் சுற்றிப் பிள்ளைகளை உட்காரவைப்போம். தோலை அமுக்கினால் ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும். உள்ளே வரிசையாக ஏழு எட்டு பச்சை முத்து. முதலில் எண்ணுவார்கள். ‘எனக்கு ஒன்பது டீச்சர்’ என்று ஒருத்தி கத்துவாள். அப்புறம் ஒன்றை வாயில் போட்டுப் பார்ப்பார்கள். பச்சைப் பட்டாணி இனிக்கும். ஆயாவின் பாத்திரத்துக்கு வந்து சேருவது பாதிதான், மீதி வயிற்றுக்குள். தட்டில் வைத்தால் பட்டாணியைப் பொறுக்கி ஒதுக்குகிற அதே பிள்ளைகள்தான் இவர்கள். (மூன்று வயசுக்குள் இருக்கிற பிள்ளைக்கு முழுப் பட்டாணி கொடுக்க வேண்டாம், புரையேறும். பெரிய பிள்ளைகள் சாப்பிடும்போதும் நாங்கள் பக்கத்திலேயே இருப்போம்.)

கையால் தொட்ட காயை வாய் சீக்கிரம் ஏற்றுக்கொள்ளும். கீரை ஆயச் சொல்லுங்கள், கேரட்டைக் கழுவச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஒரு புதுக் காயைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம். மூன்றாம் முறையோடு ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒரு வாய் அளவு வையுங்கள், சாப்பிடாவிட்டால் எடுத்துவிடுங்கள், நாலு நாள் கழித்து மறுபடி வையுங்கள். திட்டாதீர்கள், கெஞ்சாதீர்கள், ‘இதைத் தின்றால் சாக்லேட்’ என்று பேரம் பேசாதீர்கள். என் மகளுக்கு நாலு வயதில் கீரையை வாயைப் பிடித்து ஊட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கீரை வாசனை வந்தாலே அவள் அடுக்களைக்கு வரமாட்டாள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்பா தட்டில் காய் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிள்ளைகள் அந்தத் தட்டைத்தான் பார்க்கிறார்கள்.

சாப்பாட்டோடு டீ குடிக்கலாமா?

தேயிலை மலையில் இருந்துகொண்டு டீ வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். டீயிலுள்ள துவர்ப்புச் சத்து, கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். சுகாதார நிலையத்தில் கொடுத்த சத்து மாத்திரையை ஒரு கர்ப்பிணிப் பெண் சூடான டீயில் விழுங்குவதை என் கண்ணாலேயே பார்த்தேன். மாசக்கணக்கில் அப்படித்தான் விழுங்கி வந்திருக்கிறாள், ரத்தம் ஏறவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டும் இருந்தாள். மாத்திரைக்குத் தண்ணீர் போதும். கீரையோடு எலுமிச்சை பிழிந்தால், நெல்லிக்காய் ஒன்று கடித்தால், இரும்புச் சத்து இன்னும் நன்றாகச் சேரும்.

சின்னப் பிள்ளைக்கு டீ தேவையே இல்லை. அரை டம்ளர் டீத்தண்ணியில் வயிறு நிறைந்துவிட்டால் சோறு எங்கே போகும்?

கேரட் மெஷினில் கழுவித்தானே வருகிறது? அப்படியே கடிக்கலாமா?

கூடாது. அங்கே மண் போவதற்காகக் கழுவுகிறார்கள். அந்தத் தண்ணீர் குடிக்கிற தண்ணீர் அல்ல. பச்சையாகச் சாப்பிடுவதானால் வீட்டில் ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவி, தோல் சீவி, கடைசியாகக் காய்ச்சி ஆறின தண்ணீரில் அலசுங்கள். கோஸின் வெளி இலை இரண்டு மூன்றை எடுத்துவிடுங்கள். லெட்யூஸ், மல்லி, புதினா எல்லாம் ஒவ்வோர் இலையாகப் பிரித்துக் கழுவ வேண்டும். மண்ணிலிருந்து வருகிற நாடாப்புழு முட்டை வயிற்றுக்குள் போனால், அதிலிருந்து வருகிற புழு மூளை வரைக்கும் போய் வலிப்பு வர வைக்கலாம். கழுவுவதில் சோம்பல் கூடாது என்று சொல்வது அதனால்தான்.

மருந்து அடித்த காயைப் பற்றியும் கேட்கிறார்கள். மேலே ஒட்டியிருப்பது கழுவினால், தோல் சீவினால் பெருமளவு குறையும். செடிக்குள் ஏறிவிட்டது போகாது. சொந்தத் தோட்டம் இருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டுக்கென்று இரண்டு பாத்தி தனியாக விடுங்கள், அதில் அடிக்காதீர்கள். மருந்து அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கும். மண்டி விலை ஏறியிருக்கிறது என்று அதற்கு முன்னால் பறித்துவிடாதீர்கள்.

கேரட் சாப்பிட்டால் கண்ணாடி போடத் தேவையில்லையா?

போட்ட கண்ணாடி கழலாது. வைட்டமின் ஏ குறைவால் வருகிற மாலைக்கண்ணைத் தடுக்கும். கேரட்டை ஒரு ஸ்பூன் எண்ணெயில் வதக்கினால் அந்தச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். தினமும் பச்சைக் கேரட்டே தின்ன வேண்டும் என்பதில்லை.

எவ்வளவு வேகவைத்தாலும் பயறு வேகமாட்டேன் என்கிறது. காயோ குழைந்துவிடுகிறது.

இது உங்கள் கைப்பக்குவக் குறை இல்லை, மலையின் குணம். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கடற்கரை ஊரில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. அந்தச் சூட்டில் காய்ந்த அவரையும் பட்டர் பீன்ஸும் சட்டியில் வேகப் பாதி நாளாகும். ராத்திரி ஊறவைத்துவிட்டுக் குக்கரில் போடுங்கள்.

காய்க்கு அது தேவையில்லை. மூடி போட்ட வாணலியில், கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கடிக்கும்போது கொஞ்சம் எதிர்த்து நிற்கிற பதத்தில் இறக்குங்கள். கொதித்த தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டால் வைட்டமின் சி அதோடு போயிற்று. அதை ரசத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

விலை ஏறுகிற மாதத்தில் என்ன செய்வது?

ஏறின காயை விட்டுவிடுங்கள். கேரட் ஏறினால் முள்ளங்கி, அதுவும் ஏறினால் மேரக்காய். ஊட்டியிலும் குன்னூரிலும் உழவர் சந்தை இருக்கிறது. 1999-இல் மதுரையில் ஆரம்பித்த திட்டம், விளைவித்தவர் நேராக விற்கிற இடம். காலையில் சீக்கிரம் போனால் நல்ல காய், சந்தை கலைகிற நேரம் போனால் மலிந்த காய். தோட்டத்தில் தரம் பிரிக்கும்போது உடைந்த கேரட், பொடிக் கிழங்கு, கோணல் பீட்ரூட் என்று ஒதுக்குவார்கள். சத்தில் ஒரு குறையும் கிடையாது. கேட்டு வாங்குங்கள், கூச்சம் வேண்டாம்.

பாக்கெட் செலவையும் கணக்குப் பாருங்கள். இரண்டு பிள்ளைகள், ஆளுக்குத் தினம் ஒரு பத்து ரூபாய்ப் பாக்கெட் என்றால் மாதம் அறுநூறு ரூபாய். அது யார் கண்ணிலும் படாமல் போகிற காசு.

பழம்?

அந்தந்த மாதத்துப் பழம் போதும். மே, ஜூனில் பிளம்ஸ், அது முடிந்ததும் பேரிக்காய். பர்லியாறு, கல்லாறு பக்கம் இறங்கினால் மழைக்காலத்தில் மங்குஸ்தான். பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) கிடைக்கும்போது விடாதீர்கள். வருஷம் முழுக்க வாழைப்பழமும் கீழேயிருந்து வருகிற கொய்யாவும். ஆப்பிள்தான் பழம் என்கிற எண்ணத்தை விடுங்கள், நோயாளியைப் பார்க்கப் போகும்போதுகூட. ஜூஸாக்காமல் கடித்துத் தின்ன வேண்டும்.

ஆறு மாதக் குழந்தைக்கு எப்போது காய் கொடுக்கலாம்?

ஆறு மாதம் முடிந்ததும், தாய்ப்பாலோடு சேர்த்து. வேகவைத்து மசித்த கேரட், மேரக்காய், பட்டர் ஃப்ரூட். ஒரு நேரத்தில் ஒரு காய், மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்தது. ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, தேன் வேண்டாம். பச்சைக் கேரட் துண்டை நாலு வயது வரை கையில் கொடுக்காதீர்கள். துருவியோ வேகவைத்தோ கொடுங்கள்.

தைராய்டு இருக்கிறது, கோஸ் சாப்பிடக் கூடாதாமே? சர்க்கரைக்குக் கேரட், பீட்ரூட் ஆகாதாமே?

வேகவைத்த கோஸை எல்லோரும் சாப்பிடுகிற அளவில் சாப்பிடலாம். அயோடின் உப்பைப் பயன்படுத்துங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். சர்க்கரை உள்ளவர் குறைக்க வேண்டியது தட்டில் குவிகிற சோற்றை. பொரியலில் இருக்கிற கேரட் அவருக்கு எதிரி இல்லை. பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவந்தால் பதற வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், இவர்கள் இருவரும் மட்டும் காய், கீரை அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மழை விட்டதும் முளைக்கிற காளான்?

பறிக்காதீர்கள். நல்லதையும் விஷத்தையும் கண்ணால் பிரிப்பது கஷ்டம்.

எஸ்டேட் லைன் வீட்டில் இடமே இல்லை. என்ன வளர்க்க முடியும்?

இரண்டு சாக்கு வைக்க இடம் இருந்தால் போதும். பழைய உரச்சாக்கை நன்றாகக் கழுவ வேண்டும், மருந்து வந்த சாக்கு வேண்டவே வேண்டாம். மண்ணும் மக்கின சாணியும் நிரப்பி வெந்தயம் தூவுங்கள், மூன்று வாரத்தில் கீரை கிள்ளலாம். மல்லி, புதினா, பசலை இன்னொன்றில். சுக்குட்டிக் கீரையை (மணத்தக்காளி) யாரும் விதைக்க வேண்டியதில்லை, குருவியே விதைத்துவிட்டுப் போகும். களை என்று பிடுங்காமல் விட்டால் போதும்.

வேலி ஓரம் கிடைத்தால் மேரக்காய்தான் முதல். விதை தேட வேண்டாம். அடுக்களை மூலையில் முளைவிட்ட ஒரு முழுக் காயைப் பாதி வெளியே தெரிகிற மாதிரி புதைத்தால் கொடி கிளம்பிவிடும். கொடியின் இளந்துளிரையும் கடைந்து சாப்பிடலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழுகிற பக்கம் என்றால் பனி முடிந்த பிறகு நடுங்கள், இல்லாவிட்டால் ஒரே ராத்திரியில் கருகிப்போகும்.

காட்டுமாடும் குரங்கும் வரும், அதற்கு என்னிடம் முழு மருந்து இல்லை. கேரட்டும் பீன்ஸும் வெளியில் தங்குவதில்லை. எங்கள் மையத்தில் கீரைச் சாக்குகளை ஜன்னலுக்குக் கீழே, சுவரை ஒட்டி வைத்து, மேலே பழைய மீன்வலை கட்டியிருக்கிறோம். குரங்கு இரண்டு முறை வந்து வலையை இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. போன வாரம் பிள்ளைகள் அந்த வெந்தயக் கீரையைக் கிள்ளிக் கொடுத்தார்கள், ஆயா பருப்பில் போட்டு இறக்கினார்.